ஆவணிக்குள் ஓடவேண்டிய எஞ்சின்

காஜா பேராங்,
மலாக்கா.
9.9.1957, திங்கட்கிழமை.

ஈப்போ நகரில் சகல சௌகரியங்களோடும் வாழ்ந்துவரும் மைத்துனர் தேவதாஸ் அவர்களுக்கு, உங்கள் தமக்கையின் கணவன் நல்லையா வணக்கத்துடன் எழுதுவது.

நீங்களும் உங்கள் துணைவியார் சந்திரமதியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதற்குக் காரணமும் இருக்கிறது. ஒரு மரப்பெட்டியை அடுத்தவர் வீட்டில் இறக்கிவைத்துவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு நோய்நொடி வந்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. இங்கே உங்கள் தமக்கை ருக்மணி நலம். அவள் குரல் மிகவும் நலம். உங்கள் மருமகள் விஜயா பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, மீதி இருக்கும் பொறுமையோடு வீட்டுக்கு வந்து எனக்கும் சொல்லிக்கொடுக்கிறாள். என் வலது முழங்கால் மட்டும் இடது முழங்காலைவிட ஒரு சுற்று பெரிதாக இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே வரும்.

கடிதத்தின் நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. முப்பத்தோரு வருடம் நில அளவை அலுவலகத்தில் கிராணி வேலை பார்த்தவன் நான். நோக்கம் விளங்காத எத்தனையோ கடிதங்களைத் திருப்பி அனுப்பியவன். ஆனால் என் நோக்கத்தை மேலேயே எழுதினால் மீதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவீர்களோ என்று பயமாக இருப்பதால் வரிசை மாற்றி எழுதுகிறேன். இதுவும் நீங்கள் எனக்குச் செய்த உபகாரங்களில் ஒன்று. வரிசை மாற்றி ஒரு காரியமும் செய்யாதவனாகத்தான் நான் ஓய்வு பெற்றேன்.

சென்ற வருடம் நீங்கள் கம்பெனிச் செலவில் இங்கிலாந்துக்குப் போய் ஆறு மாதம் பயிற்சி பெற்றுத் திரும்பியபோது, உங்களோடு போனவர்கள் எல்லாரும் தங்கள் வீட்டாருக்குக் கம்பளிச் சட்டையும் பிஸ்கட் டின்னும் கொண்டுவந்தார்கள். நீங்கள் எனக்கு இரும்பு கொண்டுவந்தீர்கள். அதுவும் முடிந்த இரும்பு அல்ல. ஒரு சின்ன நீராவி எஞ்சினுக்கு வேண்டிய பாகங்கள், மணல் அச்சில் ஊற்றி எடுத்தபடியே, சொரசொரவென்று, பாதி சுட்ட செங்கல் மாதிரி பதினான்கு வார்ப்புகள். கூடவே நாலாய் மடித்த ஒரு வரைபடம். இவற்றைக் கடைந்து, துளைத்து, இழைத்து ஒன்றுசேர்த்தால் எஞ்சின் ஓடும் என்றீர்கள். "ஓய்வு வாங்கின மனுசன் சும்மா ஒக்காந்தா துருப்பிடிச்சிப் போவாரு அத்தான். சாயங்கால நேரத்துல செஞ்சாலே ஒரு மாசத்துல முடிஞ்சிடும் லா" என்றீர்கள். எந்தக் காரியத்தையும் லேசாக்கிக் காட்ட இங்கே பேச்சின் வாலில் ஒட்டும் அந்த 'லா'வை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். காகிதத்தை விரிக்காமல் பென்சில்கூடச் சீவாத மனிதனிடம் இதைச் சொன்னீர்கள். நானும் நன்றி சொல்லி, பெட்டியை அலமாரிமேல் வைத்து, ஏழு மாதம் அதற்கு உரிய மரியாதையான தூரத்தில் வாழ்ந்துவந்தேன். அப்படியே வாழ்ந்து முடித்திருப்பேன்.

வைகாசியில் நீங்களே பார்த்து, நீங்களே பேசி, செந்தூலிலிருந்து மருதமுத்து அவர்களின் குடும்பத்தை விஜயாவைப் பெண் பார்க்க அழைத்துவந்தீர்கள். நல்ல குடும்பம், அதில் எனக்கு இன்றுவரை இரண்டாம் கருத்து இல்லை. பையன் தியாகுவுக்குத் தபால் இலாகாவில் வேலை. தகப்பனார் மருதமுத்து ரயில்வே பட்டறையில் கடைசல் பிரிவுக்கே தலைவராக இருந்து மீசையோடு ஓய்வு பெற்றவர். வந்து உட்கார்ந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். மழையைப் பற்றிப் பேசினோம். மழை முடிந்தது. அதற்குப் பிறகு பேச ஒன்றும் இல்லாமல் எல்லாரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் எழுந்து, யாரும் கேட்காமலே அந்தப் பெட்டியை இறக்கி, சிலிண்டர் வார்ப்பை எடுத்து மருதமுத்துவின் கையில் வைத்தீர்கள்.

"யாரு வேலைங்க இது?" என்றார் அவர்.

"நம்ம அத்தான்தான். சாயங்காலம் ஆச்சின்னா இதே வேலையா கெடப்பாரு. ஆளக் கெளப்ப முடியாது!" என்றீர்கள்.

இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மருதமுத்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பேனா புடிச்ச கையி கடசலும் புடிக்குதா! அப்ப சரி. இந்த எஞ்சினு ஓடட்டும், அன்னிக்கே தேதி வச்சிக்குவோம்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தீர்கள். நான் திறந்த வாயில் ஒரு கரண்டி கேசரியைப் போட்டு மூடிக்கொண்டேன். ஒரு பெண்ணின் கல்யாணம் பதினான்கு இரும்புத் துண்டுகளோடு கட்டப்பட்டது அந்தக் கேசரியில்தான்.

அவர்கள் போனபின் விஜயாவிடம், "பையன் எப்படிம்மா?" என்று கேட்டேன். "பரவால்லப்பா" என்றாள். அன்று முழுவதும் மூன்று முறை தலை பின்னிப் பிரித்தாள். பரவாயில்லை என்பதற்கு எங்கள் வீட்டில் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே எஞ்சினை ஓட்டியே தீருவது என்று முடிவு செய்தேன்.

கடைசல் இயந்திரம் வேண்டும். கிளேபாங்கில் லாரி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கும் என் நண்பர் ஷம்சுதீன், கப்பலேறத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு தோட்டத்துத் துரையின் பங்களாவிலிருந்து காலால் மிதித்து ஓட்டும் பழைய லேத்து ஒன்றை வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றி, நான்கு ஆட்களோடு கொண்டுவந்து இறக்கினார். நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்பதால் துரைமார் விட்டுப்போகும் சாமான்களில் அவரவர்க்கு ஏதோ ஒன்று வந்து சேருகிறது. சிலருக்கு நாற்காலி, சிலருக்குப் பியானோ. எனக்கு இது. வீட்டுக்குள் நுழையவில்லை, வீட்டின் முன் தாழ்வாரமான அஞ்சடியில், ருக்மணி அரிசி புடைக்கும் இடத்தில் நின்றது. அரிசி அன்றுமுதல் ஹாலில் புடைக்கப்படுகிறது. நான் ஹாலில் நடமாடுவதில்லை.

முதலில் எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். பதினான்கு வார்ப்புகளுக்கும் எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு திறந்தேன். வரைபடத்தை மூன்று வாரம் படித்தேன். செய்யவேண்டிய வேலையை எழுதி, அதன்கீழ் 'அனுமதி கோரப்படுகிறது' என்று கையெழுத்திட்டு, மறுநாள் காலையில் அதை வாசித்துப் பார்த்து 'அனுமதிக்கப்பட்டது' என்று நானே கையெழுத்திட்டேன். சிரிக்காதீர்கள். இரண்டு முறை எனக்கே அனுமதி மறுத்திருக்கிறேன். இரண்டு முறையும் மறுத்தது சரியாகவே இருந்தது.

இடையில் உங்கள் தமக்கை தன்னாலான உதவியைச் செய்தாள். வெள்ளிக்கிழமை தோறும் லேத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். எங்கே எண்ணெய் பூசிய இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓட வேண்டுமோ, சரியாக அந்த இடம் பார்த்து வைத்தாள். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி எடுக்க எனக்குச் சனி ஞாயிறு இரண்டும் போதவில்லை. பிறகு ஒருநாள், பித்தளை விளக்குகளோடு என் வார்ப்புகள் அனைத்தையும் புளி கரைத்த தண்ணீரில் ஊறவைத்துவிட்டாள். வெண்கல வார்ப்புகள் தங்கம்போல் பளபளத்தன. சிலிண்டர் இரும்பு, அது காவியுடை தரித்து வெளியே வந்தது. "ஒங்க ஆளுக்குப் புளி ஒத்துக்கல போல" என்றாள். நான் அதற்குக் கோப்பில் ஒரு குறிப்பு எழுதினேன். வேறென்ன செய்ய முடியும்?

ஒருவழியாக ஆடி பிறந்த வாரம் சிலிண்டரை லேத்தின் நான்கு தாடைப் பிடியில் மாட்டி, மையம் பார்த்து, வேலையைத் தொடங்கினேன். மையம் பார்க்க மட்டும் ஐந்து நாள். இங்கே ஒரு விஷயத்தை உங்களுக்கு விளக்க வேண்டும். அலுவலகத்தில் தவறு நேர்ந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டு, சரியானதை மேலே எழுதிவிடலாம். இரும்பில் அந்த வசதி இல்லை. எடுத்துவிட்டதைத் திரும்ப ஒட்டமுடியாது. ஆகவே நான் எச்சரிக்கையாக, தலைமயிரில் பாதி அளவுக்கு உளியைக் கொடுத்து மெல்ல மெல்ல எடுக்கலாம் என்று தீர்மானித்தேன். இது நியாயமான தீர்மானம் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது. தவறாகவும் இருக்கலாம்.

மிதித்தேன். லேத்து சுற்றியது. உளி இரும்பைத் தொட்டது. அப்போது எழுந்த ஒலியை எழுத்தில் கொடுக்க என் தமிழ் போதாது. கோயில் பக்கம் கம்போங் செட்டி என்ற குடியிருப்பில் பரம்பரையாக வாழும் பெரியவர் ஒருவர், மலாயில் மட்டுமே பேசுபவர், மறுநாள் வேட்டியை மடித்துக்கொண்டு வந்து, என்ன பிராணி வளர்க்கிறீர்கள், அதற்கு வயிற்று வலியா என்று மிகவும் மரியாதையாக விசாரித்தார். ஒலி மட்டும்தான் வந்தது, இரும்பு வரவில்லை. உளியின் முனை மழுங்கியது. தீட்டினேன். மழுங்கியது. மறுபடி தீட்டினேன். என் தீட்டல்தான் சரியில்லை என்று தீட்டல் பற்றி ஒரு புத்தகம் வரவழைத்துப் படித்துவிட்டுத் தீட்டினேன். ஐந்து வாரம், ஏழு உளிகள், ஒரு முழங்கால். சிலிண்டரின் முகத்தில் புளியின் காவிகூட முழுதாகப் போகவில்லை.

இந்த நேரம் பார்த்து மருதமுத்துவிடமிருந்து தபால் அட்டைகள் வர ஆரம்பித்தன. முதல் அட்டை: 'எஞ்சின் எந்த அளவில் இருக்கிறது?' நான் பொய் சொல்ல விரும்பவில்லை, உண்மை சொல்லத் தைரியமில்லை. ஆகவே முப்பத்தோரு வருடப் பழக்கத்தில், 'விஷயம் கவனிக்கப்பட்டு வருகிறது' என்று பதில் எழுதினேன். இரண்டாம் அட்டைக்கு, 'உரிய பரிசீலனைக்குப் பின் தெரிவிக்கப்படும்' என்று எழுதினேன். மூன்றாவது அட்டை போன வாரம் வந்தது. 'வருகிற ஞாயிறு 15ஆம் தேதி குடும்பத்தோடு வருகிறோம். ஆவணி முடிவதற்குள் எங்களுக்கு ஒரு முடிவு தெரிய வேண்டும்.' கீழே கோடு வேறு போட்டிருந்தார். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை புரட்டாசி பிறக்கிறது. பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஓட வேண்டும், அல்லது விஜயாவின் பேச்சு நிற்க வேண்டும். எனக்கு விளங்கிய அளவில் அந்த அட்டைக்கு இதுதான் பொருள்.

இதற்கு முன்பே, ஆகஸ்டு கடைசியில், ஷம்சுதீன் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே லேத்தின் அலறலைக் கேட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அஞ்சடிக்கு வந்தார்.

"கிராணி ஐயா, பசியாறியாச்சா? அத மொதல்ல நிப்பாட்டுங்க. நீங்க வெட்டலீங்க, தடவுறீங்க."

"எச்சரிக்கையாகத்தான்..." என்றேன்.

"எச்சரிக்கைதான் ஒங்க உளியத் தின்னுது. வார்ப்பு இரும்புக்கு மேல ஒரு தோலு இருக்கு ஐயா, கண்ணாடிச் சில்லு மாதிரி. அச்சு மணலும் அதுலதான் ஒட்டிக்கெடக்கும். அதுமேல தடவிக்கிட்டே இருந்தா ஆயுசு பூரா தடவ வேண்டியதுதான். மொத வெட்டே தோலுக்குக் கீழ போயிரணும். உள்ளார வெண்ணெய் மாதிரி இருக்கும்."

"எவ்வளவு கீழே?"

"அங்குலத்துல பதினாறுல ஒண்ணு. தைரியமாப் போடுங்க."

பதினாறில் ஒன்று! எனக்கு வியர்த்துவிட்டது. நான் அதுவரை ஆயிரத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவன். அவர் சொன்னதை எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். ஷம்சுதீன் அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டு, "டீ இருக்குங்களா?" என்றார்.

இனி வருவது முப்பத்தோராம் தேதி, சனிக்கிழமை, மெர்டேக்கா என்னும் சுதந்திர நாள். மலாக்கா முழுவதும் திடலுக்குப் போயிருந்தது. ருக்மணியும் விஜயாவும் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனார்கள். நான் முழங்காலைக் காட்டி வீட்டில் தங்கிவிட்டேன். உண்மைக் காரணம் வேறு. அன்று தெருவெங்கும் சீனவெடி, பள்ளிக்கூட பேண்டு, லாரிகளில் கோஷம். நான் என்ன செய்தாலும் யார் காதிலும் விழாத நாள் என் வாழ்நாளில் அது ஒன்றுதான். அஞ்சடித் தட்டியை இறக்கினேன். உளியைத் தீட்டினேன். பதினாறில் ஒன்று என்று அளந்து, கண்ணை மூடிக்கொண்டு, பிறகு கண்ணை மூடுவது பாதுகாப்பு விதிகளுக்கு முரணானது என்பதால் திறந்துகொண்டு, மிதித்தேன்.

மைத்துனரே, அலறல் இல்லை. 'கரகர'வென்று ஒரு சின்னப் பேச்சு மட்டும். சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக இரும்பு உதிர்ந்தது. கீழே, பிறந்த குழந்தையின் நகம்போல் ஒரு வெள்ளை முகம் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் முகப்பை முடித்தேன். துளைக்கும் உளியை மாட்டி உள்ளே போனேன். சிலிண்டரின் உட்துளை சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும் என்பது வரைபடம். ஓர் அங்குலத்துக்கு வந்தேன். அங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஆனால் உள்ளே ஒரு கீறல் தெரிந்தது. அதை எடுக்க ஒரு வெட்டு. அதை எடுத்தபின் ஒரு முனை மறுமுனையைவிட அரை மயிர் குறுகலாகத் தோன்றியது. சமன் செய்ய ஒரு வெட்டு. அது மறுமுனையில் ஒரு வரியை விட்டது. அதற்கு ஒரு வெட்டு. ஐம்பத்தாறு வயதில் முதன்முதலாகத் தைரியம் வந்தவனுக்கு அதை எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. வெளியே நாட்டுக்கு வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒன்றேகால் அங்குலத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். சிலிண்டருக்குப் பக்கத்தில் நீராவி வருவதற்கென்று ஒரு வழி விட்டிருக்கிறார்களே, நடுவில் இருந்த சுவரைத் திறந்து அந்த வழிக்கே ஒரு சன்னல் வைத்துவிட்டேன். சன்னல் வைத்த சிலிண்டரில் நீராவி தங்காது. எஞ்சின் ஓடாது. நான் பிடியைத் தளர்த்தி, தரையைப் பெருக்கி, கோப்பில் தேதி போட்டு 'முடிவுற்றது' என்று எழுதினேன்.

அதன்பின் வீட்டில் ஆலோசனைகள் நடந்தன. உங்கள் தமக்கையின் யோசனை: எஞ்சினுக்கு ஜரிகைத் துணி போர்த்தி, மாலை போட்டு, "இன்னிக்கு நாள் சரியில்ல, தொடக்கூடாது" என்று சொல்லிவிடலாம். ஷம்சுதீனின் யோசனை: பட்டறையிலிருந்து ஒரு ரப்பர் குழாயை வீட்டுச் சன்னல் வழியாக விட்டு, "சக்கரத்த மட்டும் பூட்டி நிறுத்திருவோம். நான் வெளிய குந்திக்கிட்டு டயருக்கு அடிக்கிற பம்ப அடிக்கிறேன் ஐயா. சக்கரம் சுத்தும். நீங்க அடுப்புல வெந்நி போட்டுப் பக்கத்துல வச்சிருங்க." இரண்டையும் நான் நிராகரித்தேன். பொய்க்குக் கேசரி சாப்பிட்டது ஒருமுறை போதும்.

விஜயாவின் யோசனை ஒரே வரி. "அப்பா, அவருக்கு நேரா ஒரு கடுதாசி போட்டு, எனக்கு இந்த வேலையே தெரியாதுன்னு எழுதிடுங்க." நான் கோப்பை எடுத்துத் தூசி தட்டினேன். "நீங்க எழுதமாட்டீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மழை வரும் என்று சொல்வது போல் சொன்னாள். அன்றுமுதல் அவள் தலை ஒரே பின்னலில் இருக்கிறது.

ஆகவே நோக்கத்துக்கு வருகிறேன். அவள் சொன்னது சரி; நான் எழுதமாட்டேன். இந்தப் பொய்யை அன்று அந்தச் சபையில் ஆரம்பித்து வைத்தவர் நீங்கள்; முடித்து வைக்க வேண்டியவரும் நீங்கள். (அ) இந்தக் கடிதம் கிடைத்தவுடன் செந்தூலுக்குப் போய், நான் எஞ்சின் செய்பவன் அல்ல என்பதை மருதமுத்துவிடம் உங்களுக்கே உரிய சாமர்த்தியத்தோடு தெரிவிக்கவும். (ஆ) என் பெண்மீது எந்தக் குறையும் இல்லை, குறை முழுவதும் அவள் தகப்பனிடம்தான் என்பதையும் சொல்லவும். இதைச் சாமர்த்தியம் இல்லாமல் சொன்னாலும் போதும். (இ) ஆள் அனுப்பி லேத்தையும், பதிமூன்று நல்ல வார்ப்புகளையும், ஒரு கெட்ட வார்ப்பையும் எடுத்துக்கொண்டு போகவும். இந்தப் பிறவியில் நான் மீண்டும் இரும்பைத் தொடுவதாக இல்லை. அடுத்த பிறவி பற்றி இப்போது உறுதி கூற முடியாது. எனக்கு அனுமதி வரவில்லை.

சந்திரமதிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், நிறைந்த செல்வத்தோடும், முக்கியமாகப் பிறருக்குப் பரிசு வாங்கும் எண்ணம் எழாத மனத்தோடும் வாழ எல்லாம் வல்ல முருகப்பெருமானை வேண்டும்,

அன்பு அத்தான்,
நல்லையா.

பின்குறிப்பு. 12.9.1957, வியாழக்கிழமை.

இந்தக் கடிதத்தை உடனே தபாலில் சேர்க்கவில்லை. திங்கட்கிழமை எழுதியதை மறுநாள் வாசித்துப் பார்த்தபோது அனுமதிக்கலாமா என்று சந்தேகம் வந்து நிறுத்தி வைத்திருந்தேன். நல்லதாயிற்று.

இன்று காலை பத்து மணிக்கு மருதமுத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்னதாக, தனியாக, முன்னறிவிப்பு இல்லாமல். நேரே அஞ்சடிக்கு வந்துவிட்டார். சிலிண்டர் லேத்தின்மேல், சன்னல் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. மறைக்க நேரமில்லை. ருக்மணி துணியோடு ஓடிவந்தாள். நான்தான் வேண்டாம் என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுந்து நின்று, விசாரணைக் கமிட்டிமுன் நிற்பவன்போல் எல்லாவற்றையும் சொன்னேன்: எனக்கு இந்த வேலை தெரியாது, வைகாசியில் தெரியாது, இப்போது செய்து கெடுத்த அளவுக்குத் தெரியும், என் மைத்துனர் சொன்னது பொய், அதை மறுக்காதது என் பொய், பெண்ணுக்கு இதில் சம்பந்தம் இல்லை. முதல் வாக்கியம்தான் கஷ்டமாக இருந்தது. அதற்குக் கீழே தடையில்லாமல் போயிற்று.

அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமேங்க" என்றார். "கேசரித் தட்ட நீட்டுனீங்க பாருங்க, அப்பவே நகத்தப் பாத்தேன். கடசக்காரன் நகமா அது? பேச்சு நின்னு போச்சேன்னு, எதாச்சும் சொல்லணுமேன்னு எஞ்சினு ஓடட்டும்னேன். சும்மா தமாசுக்கு!"

பிறகு சட்டைப்பையிலிருந்து என் இரண்டு பதில் அட்டைகளையும் எடுத்து லேத்தின்மேல் வைத்தார். "ஆனா இது என்னாங்க? 'கவனிக்கப்பட்டு வருகிறது.' 'உரிய பரிசீலனைக்குப் பின்.' எங்க வீட்டுல பொம்பளைங்க அழுவுறாங்க. ஒங்களுக்கு எங்க பையனப் புடிக்கல, அத நேராச் சொல்ல மனசில்லாம எஞ்சினு எஞ்சினுன்னு இழுத்தடிக்கிறீங்கன்னு நெனச்சிட்டோம். தியாகு சரியாச் சாப்பிட்டு ஒரு மாசம் ஆவுது. புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க, நான் அடுத்த பஸ்ஸ புடிக்கிறேன்னு கேக்கத்தாங்க வந்தேன்."

அதற்கு நான் பதில் சொல்ல அவசியம் இருக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து விஜயா, "அப்பா, அவங்களப் பசியாறச் சொல்லுங்க. பஸ்ஸெல்லாம் சாயங்காலம் போய்க்கலாம்" என்றாள். இதைவிட நேராக ஒரு பெண் சொல்ல முடியாது என்று மருதமுத்துவே ஒப்புக்கொண்டார். தேதியை ருக்மணியும் அவருமாகக் காலண்டரைப் பார்த்துக் குறித்துவிட்டார்கள். ஐப்பசி இருபத்தொன்று. குறித்துவைத்துக்கொள்ளவும்.

சாப்பாட்டுக்குப் பின் அவர் அந்தச் சிலிண்டரை எடுத்து, உள்ளே விரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரசாங்கப் பரீட்சை முடிவுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. "ஓட்ட பெருசுதான். ஆனா வட்டம் சுத்தம். முனைக்கு முனை ஒரே அளவு. கால்ல மிதிச்சா இதப் போட்டீங்க?" என்றார். ஒரு வெண்கலக் குழாயைக் கடைந்து உள்ளே இறுக்கிவிட்டால் துளையும் அளவுக்கு வரும், சன்னலும் மூடும் என்று சொல்லி, சிலிண்டரைக் கைக்குட்டையில் கட்டி செந்தூலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னைக் கேட்கவில்லை. பரவாயில்லை. ஆனால் அவர் போனதிலிருந்து லேத்தின் பிடி காலியாக இருக்கிறது. நான் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆகையால் மேலே எழுதியவற்றில் தேதி, முகவரி, முழங்கால் ஆகியவை நீங்கலாக மற்ற அனைத்தும் இரத்து செய்யப்படுகின்றன. செந்தூலுக்குப் போகவேண்டாம். லேத்தை எடுக்க ஆள் அனுப்பவேண்டாம். வந்தால் நான் வீட்டில் இருக்கமாட்டேன். அதற்குப் பதிலாக இங்கிலாந்தில் உள்ள உங்கள் சிநேகிதர்களுக்கு எழுதி, இதே அளவில் சிலிண்டர் வார்ப்பு வரவழைக்கவும். ஒன்று போதாது, இரண்டாக வரவழைக்கவும். முதலாவதை நான் கெடுத்தாக வேண்டும்.

நல்லையா.